தலைவர் ஒப்புதல் அளித்தார்

கையில் இருந்த தாளைச் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டிருப்பாள் சின்னபொண்ணு. நகல்தானே, இதைக் கிழித்தால் அசலா கிழியப்போகிறது என்றுதான் சும்மா இருந்தாள். அந்தத் தாளில் பதினோராவதாக ஒரு வரி இருந்தது. காலனியில் கட்டுவதாக இருந்த குடிநீர்த் தொட்டியை மாரியம்மன் கோயில் தெருவுக்கு மாற்ற ஏரிக்கோடி ஊராட்சித் தலைவர் ஒப்புதல் அளித்தார் என்று அச்சடித்திருந்தார்கள். ஏரிக்கோடி ஊராட்சித் தலைவர் அவள்தான். ஓட்டு வாங்கி ஜெயித்து, உறுதிமொழி எடுத்து, நாற்காலியில் உட்கார்ந்தவள். ஒப்புதல் மட்டும் அவள் அளிக்கவில்லை.

"நான் ஒத்துக்கவே இல்லைங்க ஐயா. கூட்டத்துல மாட்டேன் மாட்டேன்னு தொண்ட கிழிய கத்திக்கினு இருந்தேன்," என்றாள்.

ஒன்றிய அலுவலகத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆனந்தராஜ் தலை நிமிரவில்லை. மேசைக்கு முன்னால் மூன்று நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. உட்காருங்கள் என்று ஒரு வார்த்தை வரவில்லை. நாலு வருஷத்தில் ஒரு நாளும் வந்ததில்லை.

"ஒப்புதல் வந்துதான் எழுதியிருக்கோம்மா. நானா கனவு கண்டு எழுதினேன்? மாட்டேன்னு சொன்னதுக்கு உங்ககிட்ட ஆதாரம் இருக்கா?"

"என் வாயாலதான் சொன்னேங்க."

"வாய் வார்த்தை எல்லாம் ஃபைல்ல நிக்காதும்மா. அடுத்த செவ்வாய்க்கிழமை திரும்பக் கூட்டம் இருக்கு. அன்னிக்கு இறுதிப் பட்டியல் வாசிப்போம். உங்க ஆட்சேபணையை அன்னிக்குச் சொல்லுங்க. வாசிச்சு முடிச்சிட்டா வேலை உத்தரவுதான்."

ஊராட்சிச் செயலாளர் நெடுஞ்செழியன் பக்கத்திலேயே நின்றிருந்தான், அக்குளில் ஃபைல், முகத்தில் பவ்யம். ஊரில் அவனைக் கிளார்க்கு என்றுதான் சொல்வார்கள். "நான் தலைவரம்மாவுக்கு எடுத்துச் சொல்லிக்கறேன் சார்," என்றான். அவன் சொன்ன விதத்தில் சின்னபொண்ணுக்கு உச்சந்தலை வரை எரிந்தது.

கூட்டம் என்றால் இப்போதெல்லாம் நேரில் இல்லை. மூன்று வருஷமாகக் கம்ப்யூட்டரில்தான். மாதம் ஒரு முறை, அவசரம் என்றால் நடுவில் இன்னொரு முறை, நாற்பது ஊராட்சித் தலைவர்களும் அவரவர் வீட்டிலிருந்து கட்டம் கட்டமாகத் தெரிவார்கள். நடுவில் ஆனந்தராஜ் பேசுவார். மற்ற எல்லாருடைய மைக்கையும் அலுவலகத்திலேயே மூடிவிடுவார்கள். ஊராட்சி அலுவலகத்தில் நல்ல கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. அந்த அறைச் சாவி நெடுஞ்செழியன் இடுப்பில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமைகளில் அவனுக்கு எப்போதும் வெளிவேலை வந்துவிடும். அதனால் சின்னபொண்ணு வீட்டில் உட்கார்ந்து, மகள் அஸ்வினி பள்ளிக்கூடத்தில் வாங்கிய இலவச லேப்டாப்பில்தான் கூட்டத்தில் கலந்துகொள்வாள்.

முதல் கூட்டத்தன்று அவளுடைய கட்டத்தின் கீழே இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது. அவள் எட்டாவதோடு நின்றவள். தமிழ் தடங்கல் இல்லாமல் படிப்பாள், இங்கிலீஷ் வராது. நெடுஞ்செழியனைக் கூப்பிட்டுக் காட்டிக் கேட்டாள். "உங்க பேருதாங்க தலைவரம்மா, கரெக்டா வருது. எதையும் தொட்டுடாதீங்க, அப்புறம் பேஜாராயிடும்," என்றான். அவள் தொடவில்லை.

அப்படி உட்கார்ந்த கூட்டங்களில் தெருவிளக்கு போயிற்று. சிமெண்டு ரோடு போயிற்று. காலனிக்கு என்று எழுதியதெல்லாம் ஊர்த் தெருவுக்கே போய்ச் சேர்ந்தது. பெரிய அதிகாரிகள் சேர்ந்து முடிவு பண்ணினால் ஒருத்தி கத்தி என்ன ஆகும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். காலனிக்காரர்கள் அப்படி நினைக்கவில்லை. நீ தலைவரா வந்து எங்களுக்கு இன்னா கிழிச்ச என்று முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். தண்ணீர் விஷயத்தில் அவர்கள் கேட்டதில் தப்பே இல்லை. ஊரில் ஏற்கெனவே ஒரு தொட்டி நிற்கிறது. காலனிக்கு ஏரிக்கரைக் கைப்பம்பு ஒன்றுதான், அதிலும் மஞ்சள் தண்ணீர். எதிர்வீட்டுக் கவிதாவின் நாலு வயசுப் பிள்ளை வயிற்றுப்போக்கில் துவண்டு முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் ஆறு நாள் கிடந்தது. இந்தத் தடவை விடக்கூடாது என்றுதான் அலுவலகத்துக்குப் போய் அடம்பிடித்துக் கூட்டக் குறிப்பின் நகலை வாங்கினாள். அதைப் படித்த பிறகுதான் தெரிந்தது, அவள் தோற்கவில்லை, சம்மதித்திருக்கிறாள்.

வீட்டுக்குப் போகவில்லை. நேராகத் திண்டிவனத்துக்குப் பஸ் ஏறினாள். மேம்பாலத்துக்குக் கீழே தேவசகாயத்தின் ஜெராக்ஸ் கடையில்தான் அஸ்வினிக்கு வேலை. விழுப்புரம் கலைக் கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுத் தருகிறாள்.

"ஏம்மா, வெயில்ல இப்டி வந்துக்கினு," என்றாள் அஸ்வினி.

"கூட்டத்துல இன்னா நடக்குதோ அத்தினியும் அப்டியே படம் புடிச்சு வெக்கணும். பேச்சு, எழுத்து, ஆளு, எல்லாம். அந்தாளு ஆதாரம் கேக்கறான். மூஞ்சில கொண்டுபோய் அடிக்கறேன்."

அஸ்வினியின் செல்லில் எடுக்கலாமே என்றால், அவள் அதைக் கையோடு கடைக்கு எடுத்து வந்துவிடுகிறாள். வீட்டில் இருக்கிற பழைய செல் கண்ணாடி உடைந்து, லேப்டாப்புக்கு நெட் கொடுக்க மட்டும் உயிரோடு இருக்கிறது. லேப்டாப்புக்குள்ளேயே திரையைப் பதிவு செய்கிற ஒரு சாஃப்ட்வேர் போட்டால் ஆயிற்று என்றாள் அஸ்வினி. சொன்னது சுலபம். அந்த லேப்டாப் தூக்குவதற்கு லேசு. வேலையும் லேசாகத்தான் பார்க்கும். மீட்டிங்கைத் திறந்தாலே மூச்சு வாங்கும். பேட்டரி செத்து இரண்டு வருஷம் ஆகிறது, பிளக்கில் சொருகினால்தான் உயிர். அதன் மேல் இன்னொரு பாரம் ஏற்றினால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது.

மறுநாளே அஸ்வினி லேப்டாப்பைக் கடைக்கு எடுத்து வந்தாள். மதியத்துக்கு மேல் கூட்டம் குறைந்ததும் சோதித்துப் பார்ப்பது என்று முடிவு. சின்னபொண்ணும் வந்து ஸ்டூலைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். உனக்கு இதெல்லாம் புரியாதும்மா என்று மகள் சொல்லிப் பார்த்தாள். "மாட்டிக்கினு இருக்கறவ நான். இன்னா வேணும்னும் எனக்குத்தான் தெரியும்," என்றாள் சின்னபொண்ணு.

முதல் யோசனை தேவசகாயத்துடையது. "பெரிய பெரிய ஆளுங்கல்லாம் இதத்தான் வெச்சிருக்காங்க, காசும் கெடயாது," என்று ஒன்றைச் சொன்னார். அதை ஏற்றி முடிக்க அரைமணி நேரம் ஆயிற்று. மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, வருகிற இலைப்புள்ளி நோய் பற்றிய வீடியோ ஒன்றை ஓடவிட்டுப் பதிவு செய்தார்கள். லேப்டாப்பின் அடியில் மாவு மில் ஓடுகிற சத்தம் கேட்டது. வீடியோவில் இருந்த வேளாண் அதிகாரி வாயைத் திறந்தார், பேச்சு வரவில்லை. அவர் வாயை மூடிய பிறகு வந்தது. அப்புறம் திரை அப்படியே நின்றுவிட்டது.

"நல்ல சாமான்தாங்க. ஆனா இந்த லேப்டாப்புக்கு ஆவாது," என்றாள் அஸ்வினி.

"அந்தாளு ரோடு போடறன்னு சொன்னதும் இப்டித்தான் நின்னுக்கினு இருக்குது," என்றாள் சின்னபொண்ணு. "தூக்கு இத."

இரண்டாவது ஒன்று தடங்கல் இல்லாமல் ஓடியது. ஓட்டிப் பார்த்தால் படத்தின் நடுவே குறுக்காக அந்தக் கம்பெனியின் பெயர். இலவசமாக எடுத்தால் பெயர் வரும், பணம் கட்டினால் போய்விடும் என்றாள் மகள். சின்னபொண்ணுக்கு வந்ததே கோபம். "எவன் வூட்டு செவுத்துல எவன் பேரு எழுதறது? ஆபீசரு மூஞ்சி மேல விளம்பரம் போட்டு எடுத்துக்கினு போனா, இது ஏதோ சினிமாம்மான்னு அனுப்பிடுவான்." அதுவும் போயிற்று.

மூன்றாவது பத்து நிமிடத்தில் தானாக நின்றது. "பத்து நிமிசத்துல அந்தாளு வணக்கமே சொல்லி முடிச்சிருக்க மாட்டான்," என்றாள். நான்காவதை ஏற்றவே வேண்டாம், இன்டர்நெட்டில் திறந்தால் போதும், லேப்டாப்புக்குச் சுமையும் இல்லை. ஆனால் பதிவானது முழுக்க வேறு எங்கோ இருக்கிற கம்பெனியின் கம்ப்யூட்டரில் போய் உட்காரும், நாம் திரும்ப அங்கிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும். அஸ்வினிக்கு இது பிடித்திருந்தது. சின்னபொண்ணு ஒரே பேச்சில் முடித்தாள்: "நம்ம வூட்டு நகைய எவன் வூட்டுப் பீரோவுலயோ வெச்சுட்டு, சாவிக்கு அவன் வாசல்ல போயி நிக்கறதா? ஊராட்சி ஆபீசு சாவிக்கு நின்னது பத்தாது?"

இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் அஸ்வினி எங்கெங்கோ தேடி, பழைய லேப்டாப் வைத்திருப்பவர்கள் எழுதியதையெல்லாம் படித்து, ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். பார்க்க லட்சணம் இல்லை. சாம்பல் நிறத்தில் சின்னதாக ஒரு பெட்டி, நாலு பொத்தான். ஏற்றவே வேண்டாம், பென் டிரைவிலிருந்தே ஓடும். பெயர் எழுதாது, நேரக் கணக்கு இல்லை. ஒரு விநாடிக்கு முப்பது படம் எடுப்பதைப் பத்தாகக் குறைத்தாள். வெளிச் சத்தம் வேண்டாம், கம்ப்யூட்டருக்குள் வருகிற சத்தம் மட்டும் போதும் என்று மாற்றினாள். லேப்டாப் மூச்சு வாங்காமல் ஓடியது. வேளாண் அதிகாரி மட்டும் கொஞ்சம் வெட்டி வெட்டி நடந்தார்.

"ஆளு சரியா வரலியேம்மா," என்றாள் அஸ்வினி.

"அந்தாளு மூஞ்ச அழகா எடுத்து மாட்டி வெக்கவா போறேன்? எழுத்து படிக்கற மாதிரி இருக்குதா பாரு." இருந்தது. "கீழ மணி, தேதி வருதா? நூறு நாள் வேலையில வரிசையா நிக்கவெச்சு படம் எடுப்பாங்க. மூலையில நேரமும் எடமும் வரலன்னா அன்னிக்கிக் கூலி இல்ல. எனக்குச் சொல்லிக் குடுத்ததே அவங்கதான்." மீட்டிங்கை மட்டும் எடுக்காமல், அடியில் கடிகாரம் தெரிகிற மாதிரி முழுத் திரையையும் எடுக்கும்படி அஸ்வினி மாற்றினாள்.

தேவசகாயம் டீ சொன்னார். வேலை முடிந்தது என்று மகளும் நினைத்தாள்.

"கரண்டு போனா?" என்றாள் சின்னபொண்ணு.

கிராமத்தில் கரண்ட் போவது மழை மாதிரி இல்லை, அதற்குப் பருவமே கிடையாது. சின்னபொண்ணு எழுந்து போய்ச் சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினாள். லேப்டாப் பட்டென்று செத்தது. திரும்ப உயிர் கொடுத்துப் பார்த்தால், பதிவு என்று ஒரு பெயர் இருந்தது, திறந்தால் ஒன்றும் இல்லை. அத்தனையும் பாழ்.

"இதுதான் ஆதாரமா? இத நம்பி நான் உக்காந்துக்கினு இருக்கணுமா?" கடையில் ஜெராக்ஸ் எடுக்க வந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு மகள் மேல் கோபம் இல்லை. எதைத் தொட்டாலும் கடைசி நேரத்தில் கைவிடுகிறதே என்கிற கோபம். நாலு வருஷக் கோபம் அந்த ஜெராக்ஸ் கடையில் வந்து நின்றது. அஸ்வினிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் எழுந்து போகவில்லை. மறுபடி தேடினாள், படித்தாள். பதிவைச் சேமிக்கிற வகையை மாற்றினால், நடுவில் அறுந்தாலும் அதுவரை எடுத்தது நிற்கும் என்று யாரோ எழுதியிருந்தார்கள். மாற்றினாள்.

"இப்ப புடுங்கும்மா," என்றாள்.

பிடுங்கினாள். திறந்தது. பிடுங்கின நொடி வரைக்கும் இருந்தது. சின்னபொண்ணு நம்பவில்லை, மூன்று முறை பிடுங்கிப் பார்த்தாள். மூன்று முறையும் நின்றது. "இது ஆவும்," என்றாள். ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் அஸ்வினி வேலைக்குக் கிளம்பும் முன் எல்லாவற்றையும் தயார் செய்தாள். மீட்டிங் அதுவரை தொடங்கியிருக்காது, காத்திருக்கவும் என்று மட்டும் வரும். அதோடு விட்டுவிட்டு எட்டரை பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது அவளுக்கு மூன்று வருஷப் பழக்கம். அன்றைக்குக் கூடுதலாக, பதிவைத் தொடங்குகிற விசைமேல் தன் நெற்றியிலிருந்து ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஒட்டிவிட்டுப் போனாள். பதினோரு மணிக்கு ஆனந்தராஜ் முகம் தெரிந்ததும் சின்னபொண்ணு பொட்டை அழுத்தினாள். மூலையில் நேரம் ஓட ஆரம்பித்தது.

ஆனந்தராஜ் ஊராட்சி ஊராட்சியாகப் படித்தார். ஒவ்வொரு பெயரையும் படித்ததும் திரையின் அடியில் சின்னச் சின்னதாக எழுத்து வந்து மறைந்தது. எல்லாக் கூட்டத்திலும் அப்படித்தான் ஈ மாதிரி வந்து வந்து போகும். அது எதற்கு என்று அவள் கேட்டதில்லை. பதினொன்று முப்பத்திரண்டுக்கு ஏரிக்கோடி வந்தது. "குடிநீர்த் தொட்டி, மாரியம்மன் கோயில் தெரு, ஒப்புதலா?" என்றார். "மாட்டேன். ஒத்துக்க மாட்டேன். காலனிக்கு எழுதினத காலனியில கட்டுங்க," என்று சின்னபொண்ணு கையை ஆட்டி ஆட்டிக் கத்தினாள். மூடிய மைக்கில் அது எங்கே போகும்? ஆனந்தராஜ் திரையைப் பார்த்து, "ரைட், ஏரிக்கோடி ஓகே," என்று அடுத்ததுக்குப் போய்விட்டார்.

பதினொன்று நாற்பதுக்குக் கரண்ட் போயிற்று. லேப்டாப் இருண்டது. சின்னபொண்ணு கரண்டுக்காரனையும் ஆனந்தராஜையும் சேர்த்து ஒரு பாட்டம் திட்டினாள். பிறகு லேப்டாப்பைக் காய்கறிப் பையில் போட்டுக்கொண்டு திண்டிவனத்துக்குக் கிளம்பினாள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் பையை மடியில் வைத்துக்கொண்டு விறைத்தே உட்கார்ந்திருந்தாள். உள்ளே ஒன்றும் இல்லாமல் போயிருந்தால் தொட்டியும் போயிற்று, தானும் போயிற்று என்று நினைத்தாள்.

கடையில் பிளக்கைச் சொருகி அஸ்வினி திறந்தாள். நாற்பது நிமிடமும் இருந்தது. முப்பத்திரண்டாம் நிமிடத்துக்குத் தள்ளினாள். "ஏரிக்கோடி ஓகே" என்று ஆனந்தராஜ் சொன்னார்.

"நிறுத்து. கீழ இன்னாமோ வந்து வந்து போச்சே, அத காட்டு."

கொஞ்சம் பின்னால் இழுத்து நிறுத்தினாள். நேரில் ஈயாகப் பறந்துபோனது இப்போது அசையாமல் நின்றது. அஸ்வினி படித்தாள். படித்துவிட்டுத் திரும்பவும் ஒரு தடவை படித்தாள்.

"எம்மா, இது எழுத்துல பதில் அனுப்பறது. எல்லா ஊராட்சியும் இங்க எழுதித்தான் ஒப்புதல் சொல்லிக்கினு இருக்காங்க. இது, 'பிரசிடெண்ட் ஏரிக்கோடி', அதுக்குப் பக்கத்துல 'அக்ரீட் சார்'."

"நான் எதுவும் எழுதலியே. கைய ஆட்டிக்கினுதானே இருந்தேன்."

"நீ எழுதல. இந்தப் பேருல வேற யாரோ உள்ள இருக்காங்க." கட்டங்களை ஒவ்வொன்றாகத் தேடினாள். மூன்றாவது வரிசையில் அந்தப் பெயர் இருந்தது. முகம் இல்லை, கறுப்பாக ஒரு கட்டம். ஒரே ஒரு கணம் தவறிப்போய்க் கேமரா திறந்து மூடியிருந்தது. அந்தக் கணத்தில் ஊராட்சி அலுவலகச் சுவர்க் காலண்டரும் நெடுஞ்செழியனின் பாதி மூக்கும் தெரிந்தன. வெளிவேலைக்குப் போயிருந்தவன் பூட்டிய அறைக்குள் உட்கார்ந்து தலைவராகியிருந்தான்.

"அப்போ என் பேரு? என் கட்டத்துக்குக் கீழ இருக்கறது?"

அஸ்வினி அப்போதுதான் அதைப் பார்த்தாள். "அது என் பேரும்மா. அஸ்வினி, பன்னெண்டு பி. கொரோனா அப்ப கணக்கு டீச்சர் ஆன்லைன்ல கிளாஸ் எடுத்தாங்களே, அப்ப போட்டது. அதுவே நின்னுக்கினு இருந்திருக்குது. நான் பாக்கவே இல்லம்மா."

சின்னபொண்ணு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சைச் சேலை கட்டி, கையை ஆட்டி, வாயைத் திறந்து திறந்து மூடுகிற தன்னையே பார்த்தாள். "மூணு வருஷமா நான் பன்னெண்டாவது படிச்சிக்கினு இருந்திருக்கறேன்," என்றாள். "எவளோ பள்ளிக்கூடத்துப் பொண்ணு தெரியாம உள்ள வந்துட்டு கைய ஆட்டறான்னு அத்தினி பேரும் பாத்துக்கினு இருந்திருக்கானுங்க. அவன்கிட்ட கேட்டேண்டி. இது என் பேருதானா தம்பின்னு நானே கேட்டேன். எதையும் தொடாதீங்கன்னான்." அழுகை வருகிற மாதிரி இருந்தது. அவள் விடவில்லை. அழுதால் கோபம் இறங்கிவிடும், அது அவளுக்கு நாளைக்கு வேண்டும். மகள் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது, "நீ பேசாத. நீ கண்டுபுடிச்சதுதான் நின்னுக்கினு இருக்குது," என்று அடக்கிவிட்டாள்.

மறுநாள் காலையில் இருவரும் விழுப்புரத்துக்கு டிக்கெட் எடுத்தார்கள், கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு. பாதி வழியில் ஒன்றிய அலுவலகம் வந்தது. "மொதல்ல இங்க எறங்கு. அந்தாளு மூஞ்ச நேர்ல பாக்கணும்," என்றாள் சின்னபொண்ணு. உள்ளே நெடுஞ்செழியன் ஏற்கெனவே நின்றிருந்தான், வேலை உத்தரவில் கையெழுத்து வாங்க. சின்னபொண்ணு கும்பிடவில்லை. பிளக் எங்கே இருக்கிறது என்று கேட்டு, மேசை மேல் இருந்த ஃபைல்களை ஒதுக்கி லேப்டாப்பை வைத்தாள்.

படம் ஓடியது. அஸ்வினி நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினாள், அடியில் தேதியையும் நேரத்தையும் விரலால் காட்டினாள். கறுப்புக் கட்டத்தில் மூக்கு தெரிந்தபோது நெடுஞ்செழியன் ஃபைலை ஒரு அக்குளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினான். ஆனந்தராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். எதைப் பிடித்துக்கொள்ளலாம் என்று அவர் தேடுவது தெரிந்தது. கிடைத்துவிட்டது.

"நிறுத்தும்மா. இதை யார் ரெக்கார்ட் பண்ணினது? அரசாங்கக் கூட்டத்தை அனுமதி இல்லாம பதிவு பண்ணலாமா? ஒரு ஊராட்சித் தலைவரா இருந்துக்கிட்டு நீங்களே இப்படிச் செஞ்சா? நோட்டீஸ் அனுப்பினா பதவியே போயிடும், தெரியுமா?"

நெடுஞ்செழியனுக்கு உயிர் வந்தது. "ஆமாங்க சார். தலைவரம்மா தெரியாம பெரிய தப்பு பண்ணிட்டாங்க," என்றான்.

சின்னபொண்ணு இரண்டு பேரையும் பார்த்தாள். கோபத்தில் குரல் உயரும் என்று அஸ்வினி பயந்தாள். அது உயரவில்லை, அடியில் போய் உட்கார்ந்துவிட்டது.

"நான் எங்கங்க ஐயா பண்ணேன்?" என்றாள். "படத்த நல்லா பாருங்க. ஏரிக்கோடி தலைவர் அதோ கறுப்புக் கட்டத்துல இருக்கறாரு. அவருதான் சரின்னு எழுதி அனுப்பினாரு, நீங்களும் ஓகேன்னீங்க. இந்தப் பக்கம் ரெக்கார்ட் பண்ணது அஸ்வினி, பன்னெண்டாவது பி. பள்ளிக்கூடத்துப் புள்ள. நோட்டீஸ் அனுப்பறதா இருந்தா அந்தப் புள்ளைக்கு அனுப்புங்க."

"விளையாடறீங்களா? அந்தக் கட்டத்துல உக்காந்திருக்கறது நீங்கதான். முகம் தெரியுதே."

"அத எழுதிக் குடுங்க."

"என்னது?"

"அந்தக் கட்டத்துல கைய ஆட்டி மாட்டேன்னு கத்திக்கினு இருக்கறவதான் ஏரிக்கோடி தலைவர்னு எழுதி, கையெழுத்துப் போட்டு, சீலு வெச்சுக் குடுங்க. உங்க நோட்டீச இப்பவே வாங்கிக்கறேன். ஆனா நான் தலைவர்னா, அங்க ஒப்புதல் குடுத்த தலைவர் யாருன்னும் சேத்து எழுதணும். நான் தலைவர் இல்லைன்னா, ரெக்கார்ட் பண்ணதுக்கு என்னை எப்படி கேப்பீங்க? ரெண்டுல ஒண்ணு எழுதுங்க ஐயா. எதுவா இருந்தாலும் எனக்குச் சம்மதம். இது என் வாயால குடுக்கற சம்மதம்."

ஆனந்தராஜ் நெடுஞ்செழியனைத் திரும்பிப் பார்த்தார். "நெட்டு சரியில்லாதப்போ தலைவரம்மாவுக்கு உதவியாத்தான் சார்," என்று அவன் ஆரம்பித்தான். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். அவன் மேல் அவருக்கு வந்தது நியாயமான கோபம் என்று சின்னபொண்ணு நம்பவில்லை. மாட்டிக்கொண்டானே என்கிற கோபம்தான் அது.

"விழுப்புரம் வரைக்கும் டிக்கெட் எடுத்திருக்கறோம்," என்றாள். "இதே படத்த அங்கயும் போட்டுக் காட்ட எங்களுக்குக் கஷ்டம் இல்ல. பென் டிரைவுல தனியா ஒண்ணு இருக்குது. கரண்டு போனாலும் அழியாது."

ஆனந்தராஜ் கூட்டக் குறிப்புப் புத்தகத்தை இழுத்தார். பதினோராவது வரியைச் சிவப்பு மையில் அடித்தார். தலைவர் ஆட்சேபித்ததால் தொட்டி காலனியிலேயே கட்டப்படும் என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டார். அஸ்வினியை இரண்டு முறை சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டாள் சின்னபொண்ணு. பிறகு நகல் எடுத்துத் தரச் சொன்னாள். கொடுத்தார்கள்.

"சரிம்மா. பிரச்சினை முடிஞ்சுது, கிளம்புங்க," என்றார் ஆனந்தராஜ்.

மேசைக்கு முன்னால் அந்த மூன்று நாற்காலிகளும் காலியாகத்தான் இருந்தன. சின்னபொண்ணு ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மகளுக்கும் ஒன்றைக் காட்டினாள்.

"இது ஒரு கூட்டம்தாங்க முடிஞ்சுது," என்றாள். "மூணு வருஷத்துல இந்தப் பன்னெண்டாவது பி எத்தினி கூட்டத்துல உக்காந்துச்சோ, அத்தினியும் இருக்குதே. தெருவிளக்குக்கு யாரு ஒப்புதல் குடுத்தது, சிமெண்டு ரோட்டுக்கு யாரு குடுத்தது, எல்லாம் பாக்கணும். மொதக் கூட்டத்துலேருந்து புத்தகத்த எடுத்துக்கினு வாங்க தம்பி. ஜல்தி."

நெடுஞ்செழியன் ஆனந்தராஜைப் பார்த்தான். அவர் ஜன்னலைப் பார்த்தார். அவன் பீரோவைத் திறக்கப் போனான்.

"அஸ்வினி," என்றாள் சின்னபொண்ணு, "கடைக்குப் போன் பண்ணி இன்னிக்கி வரலன்னு சொல்லிடு."